சோலைராஜா இழுத்தடிச்ச ஆறு மாசம்

பாருங்க தம்பி, இந்த டிரைவர் பண்ற வேலைய. ஒட்டன்சத்திரம் ஸ்டாண்டுல பத்து நிமிசம் போட்டாரு, சரி. இப்ப ஊரைத் தாண்டினதும் மறுபடியும் ஓரங்கட்டுறாரு. யாரோ பையைத் தூக்கிட்டு ஓடி வர்றாராம். ஓடி வர்றவங்களுக்கெல்லாம் நின்னா கோயமுத்தூருக்கு எப்பப் போய்ச் சேர்றது? நானும் கண்டக்டரா இருந்தவன்தான். திருமங்கலத்துல இருந்து மதுரைக்கு டவுன் பஸ்ஸு, முப்பத்தோரு வருசம். பூமிநாதன் வண்டின்னா ஜனங்க அஞ்சு நிமிசம் முன்னாடியே வந்து நிப்பாங்க. நான் விசில் ஊதிட்டேன்னா ஊதினதுதான். எங்க அம்மாவே ஒரு தடவை ஓடி வந்துச்சு. நிக்கலயே.

என் கால் ஆடுறது உங்களுக்கு இடைஞ்சலா இருக்கா? வேணும்னு ஆட்டல தம்பி. ஆறு மாசமா இப்படித்தான், ஒரு இடத்துல உக்கார முடியல. டாக்டர்கிட்டக்கூடப் போனேன். சுகர் இல்ல, பிரசர் இல்ல, வீட்டை வித்து முடிங்க, தானாச் சரியாயிரும்னாரு. எல்லாம் அந்த சோலைராஜாவால வந்தது. எங்க ஊருல வெல்டிங் பட்டறை வச்சிருக்கான். என் வீட்டை வாங்குனவன். வாங்குனவன்னு இன்னைக்குத்தான் சொல்ல முடியுது, நேத்துத்தான் பத்திரம் முடிஞ்சுச்சு. வைகாசியில அட்வான்ஸ் குடுத்துட்டு, கார்த்திகை கடைசியில கையெழுத்துப் போடுறான். நீங்களே சொல்லுங்க, இது நியாயமா?

முதல்ல இருந்து சொல்றேன். எனக்கு ஒரே பையன், தினகரன். கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கான், எனக்கு ஒரு பேரனும் இருக்கான். அவன் இருக்குற அபார்ட்மெண்ட்லயே ரெண்டு மாடி கீழ ஒரு வீடு விலைக்கு வந்துச்சு. நல்ல காத்து, லிஃப்ட் இருக்கு, வாட்ச்மேன் இருக்கான். நான் போய்ப் பாத்தேன். பாத்த அன்னைக்கே பேசி முடிச்சுட்டேன், தினகரன் அட்வான்ஸ் குடுத்தான். அந்த ஓனர் துபாய்க்குப் போறவரு. கார்த்திகை முடியுறதுக்குள்ள மொத்தமா முடிச்சுக்கங்க, இல்லாட்டி வேற பார்ட்டிக்குக் குடுத்துருவேன்னு சொல்லிட்டாரு. நமக்கு என்ன, திருமங்கலத்து வீட்டை வித்தா முடிஞ்சுது. மூணு மாசம் போதும்னு நெனச்சேன்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரிகிட்ட சொன்னேன். தனபாக்கியம்னு பேரு. முன் ரூம்ல தையல் மிசின் போட்டுத் தைச்சுக்கிட்டு இருப்பா, ஜாக்கெட்டு, பள்ளிக்கூட யூனிபாரம், அப்படி. 'வீட்டை விக்கப்போறேன், கோயமுத்தூருக்குப் போறோம்'னேன். மிசின்ல இருந்து காலை எடுக்காமலே 'உங்க இஷ்டம்'னா. அவ்வளவுதான், ஒரே வார்த்தை. சில வீட்டுல பாத்திருப்பீங்க, வீட்டை விக்கிறதுன்னா பொம்பளைங்க மூக்கைச் சிந்தி, சாப்பிடாமக் கிடந்து, அண்ணன் தம்பியக் கூட்டியாந்து பஞ்சாயத்து வைப்பாங்க. எங்க வீட்டுல அந்தப் பேச்சே கிடையாது. கல்யாணமான நாள்ல இருந்து எதைச் சொன்னாலும் உங்க இஷ்டம்தான். தினகரனை இன்ஜினியரிங்ல சேத்தப்பயும் உங்க இஷ்டம். அவ தங்கச்சி கல்யாணத்துக்குப் போக வேண்டாம்னப்பயும் உங்க இஷ்டம். தங்கமான பொம்பளை.

அவ தையல் பத்தி சொன்னேன்ல. அது சும்மா பொழுதுபோக்குக்குத்தான். வருசக்கணக்காத் தைக்கிறா, ஊருல பாதிப் பொம்பளைங்களுக்கு அளவு அவ மனசுலயே இருக்கும். வாசல்ல போர்டுகூட உண்டு, பாக்கியம் டெய்லர்னு. ஆனா வீடு நான் கட்டுனது. என் சம்பளத்துல கட்டுனது. மனை வாங்குறப்ப அவ சீட்டுப் பணம் கொஞ்சம் போட்டா, அது ஆரம்பத்துக்கு. அப்புறம் கான்கிரீட் போடுறப்ப அவ சங்கிலிய அடகு வச்சோம். திருப்பிக் குடுத்துட்டேன். திருப்பினேனா... இல்ல, அது மூழ்கிப் போச்சு, அப்புறமா அவளே தைச்சு வேற ஒண்ணு எடுத்துக்கிட்டா. அது எதுக்கு இப்ப. பத்திரம் என் பேருலதான். ஆம்பளை பேருல இருந்தாத்தானே நாலு இடத்துக்கு அலைய முடியும்.

சோலைராஜாவும் அவன் பொண்டாட்டி முருகேஸ்வரியும் வந்து வீடு பாத்தாங்க. அவனுக்குப் புடிச்சுப் போச்சு. தட்டித் தட்டிப் பாத்தான், செவுரு நல்லா இருக்குண்ணேன்னான். அந்தப் பொண்ணு முருகேஸ்வரி மட்டும் முன் ரூம்லயே நின்னுக்கிட்டு, 'அக்கா, உங்களுக்கு இதுல சம்மதம்தானா'ன்னு கேட்டுச்சு. நான்தான் சொன்னேன், 'அதெல்லாம் முழுச் சம்மதம்மா, அவ கோயமுத்தூருக்குப் போறதுக்கு ஒத்தக்கால்ல நிக்குறா'ன்னு. நாமதானே எடுத்துச் சொல்லணும். இவ கழுத்துல இஞ்சி டேப்போட நின்னுக்கிட்டு அந்தப் பொண்ணைப் பாத்தா. அந்தப் பொண்ணு இவளைப் பாத்துச்சு. போகும்போது ஒரு ஜாக்கெட் துணி குடுத்துட்டுப் போச்சு. எனக்குச் சந்தோசம், இனி வேற வீடு பாக்க மாட்டாங்கன்னு.

அட்வான்ஸ் வாங்குனோம், ஒப்பந்தம் எழுதுனோம், மூணு மாசக் கெடு. மறுநாளே மூட்டை கட்ட ஆரம்பிச்சுட்டேன். சிரிக்காதீங்க. எனக்கு எதையும் கடைசி நேரத்துல செய்யுறது ஆகாது. கட்டிலை வித்தேன், பீரோவை வித்தேன், பாத்திரமெல்லாம் சாக்குல போட்டுத் தைச்சேன். மிசினுக்கும் ஒரு ஆளைக் கூட்டியாந்தேன். அந்த அபார்ட்மெண்ட்ல ஒரு ரூல் இருக்கு, வீட்டுல தொழில் எதுவும் பண்ணக் கூடாது, போர்டு கீர்டு வைக்கக் கூடாது. சரி, அவளுக்கும் ஒரு ஓய்வா இருக்கும், மிசின் எதுக்குன்னு நெனச்சேன். 'அது மட்டும் இருக்கட்டும்'னா. என் சட்டை கிழிஞ்சா தைக்கணும்ல, அதுக்குத்தான்.

ஆனி மாசம் லோனுக்குப் போச்சு. சரின்னேன். அடுத்து ஆடி. ஆடியில யாரு பத்திரம் போடுவா, அதுவும் சரின்னேன். ஆவணி பொறந்த மூணாம் நாளு நல்ல முகூர்த்தம். வேட்டி சட்டை எல்லாம் தேச்சு வச்சு, காலையில ஆறு மணிக்கே குளிச்சு உக்காந்திருக்கேன். சோலைராஜா போன் பண்றான். 'அண்ணே, இன்னைக்கு எங்க வீட்டுல அவளுக்குச் சந்திராஷ்டமம். வேற நாள் பாத்துக்குவோம்'ங்கிறான். ஏப்பா, முந்தின நாள் வரைக்கும் உன் பொண்டாட்டிக்கு எந்த ராசின்னு தெரியாதான்னு கேட்டேன். போனை வச்சுட்டான். திரும்பிப் பாத்தா தனபாக்கியம் சாவகாசமா மிசின்ல உக்காந்து நூலைக் கோத்துக்கிட்டு இருக்கா. ஆவணி பூரா கல்யாண ஜாக்கெட் ஒத்துக்கிட்டு இருந்திருக்கா, பதினாறோ பதினேழோ. ஒரு வகையில தள்ளிப் போனது நல்லதாப் போச்சு, அதையெல்லாம் முடிச்சுக் குடுத்துட்டா.

இன்னொரு ஆவணித் தேதி, பேங்க்குல ஆபீசர் லீவுன்னான். அப்புறம் புரட்டாசி. புரட்டாசியில வீடு மாறக் கூடாதாம். பத்திரம்தானேப்பா போடுறோம், குடியா போறீங்கன்னு கேட்டா, 'எங்க வீட்டுல ஒத்துக்க மாட்டேங்கிறா அண்ணே'ங்கிறான். எதைக் கேட்டாலும் எங்க வீட்டுல, எங்க வீட்டுல. பொண்டாட்டி பேச்சைக் கேட்டே கெட்டுப் போற ஜாதி இவன்னு முடிவு பண்ணிட்டேன். அந்தப் பொண்ணும் வாரத்துக்கு மூணு நாளு எங்க வீட்டுக்கு வருது. வந்தா முன் ரூம்ல உக்காந்து, அக்கா இப்படி மடிக்கணுமா, அப்படி வெட்டணுமான்னு இவகிட்டத் தையல் கத்துக்குது. ஏம்மா, இங்க வந்து வாய் பேசுற நேரத்துக்கு உன் புருசனைக் கையெழுத்துப் போடச் சொல்லக் கூடாதான்னு நேருக்கு நேராவே கேட்டேன். சிரிச்சுட்டுப் போயிருச்சு.

ஒரு நாளு சோலைராஜா என்னைத் தனியாக் கூப்பிட்டான். 'அண்ணே, அக்கா முழுமனசா இருக்காகளா? ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்களேன்'னான். எனக்குச் சுள்ளுன்னு ஏறிருச்சு. 'வீடு யாரு பேருல இருக்கு'ன்னேன். 'உங்க பேருலதாண்ணே'ன்னான். 'அப்ப யாருகிட்டக் கேக்கணும்'னேன். தலையச் சொறிஞ்சுட்டுப் போயிட்டான். நல்லாக் கேட்டேன்ல?

கெடு முடிஞ்சு போச்சுன்னு வக்கீலைப் பாத்தேன். நோட்டீஸ் அனுப்பலாம், அட்வான்ஸ் நமக்கு, வேற ஆளுக்கு வித்துக்கலாம்னாரு. சரின்னு புரோக்கரு ரெண்டு பார்ட்டியக் கூட்டியாந்தான். முதல் பார்ட்டி, அந்த அம்மா உள்ள வந்துச்சு, முன் ரூம்ல பத்து நிமிசம் இவகூடப் பேசிக்கிட்டு இருந்துச்சு, ரெண்டு ஜாக்கெட்டுக்கு அளவு குடுத்துட்டுப் போயிருச்சு. வீட்டைப் பத்தி வாயே திறக்கல. ரெண்டாவது பார்ட்டியும் அதே கதை. அது பாவாடை தைக்கக் குடுத்துச்சு. புரோக்கரு என்கிட்ட வந்து, 'அண்ணே, அடுத்த தடவை ஆள் கூட்டியாந்தா அக்காவைக் கொஞ்சம் கோயிலுக்கு அனுப்பிருங்க'ங்கிறான். எதுக்குடாங்கிறேன். வண்டிய எடுத்துட்டுப் போயிட்டான். இந்தப் புரோக்கருங்களை நம்பவே கூடாது தம்பி.

என் நிலைமைய நெனச்சுப் பாருங்க. வீடு பூரா மூட்டை. ஒரு நாளு பூரி சாப்பிடணும்னு ஆசையா இருந்துச்சு, பூரிக்கட்டைக்கு நாலு சாக்கை அவுத்தோம். பாயில படுத்து இடுப்பே போச்சு. இங்கிட்டு துபாய்க்காரரு வாரா வாரம் போன் பண்றாரு, எப்ப சார், எப்ப சார்னு. தினகரன் அங்க இருந்து கத்துறான், நான் குடுத்த அட்வான்ஸ் போச்சுன்னா என்ன பண்றதுன்னு. நான் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துக்கிட்டே இருக்கேன். அவ என்னடான்னா தீபாவளித் துணிய வாங்கிக் குவிக்கிறா. கொடி கட்டி நாப்பது ஜாக்கெட்டு தொங்குது. அதுக்குள்ள தலையக் குனிஞ்சு குனிஞ்சு போறேன் நான். ஏண்டி, நாளைக்கே பத்திரம்னு வந்துட்டா இதையெல்லாம் யாரு தைக்கிறதுன்னு கேட்டேன். 'நாளைக்கு வராது'ன்னா. சோலைராஜா மேல அவளுக்கும் நம்பிக்கை போயிருச்சு பாருங்க.

அவ சொன்ன மாதிரியே ஐப்பசி போச்சு. அளந்து பாக்கணும்னான், சர்வேயரைக் காணோம்னான், மழைன்னான். கார்த்திகை பொறந்துச்சு. அடுத்து மார்கழி, யாரும் பத்திர ஆபீஸ் பக்கமே போக மாட்டாங்க. தைக்குத் தள்ளிப் போனா கோயமுத்தூரு வீடு போயிரும். அவ்வளவுதான்னு கிளம்பி அவன் பட்டறைக்கே போயிட்டேன். வேலை பாக்குறவங்க, இரும்புக் கேட்டு செய்யக் குடுத்தவங்க எல்லாம் நிக்குறாங்க. நான் எதையும் பாக்கல. 'வாங்க வக்கில்லாட்டி எதுக்குடா அட்வான்ஸ் குடுத்த, என் உசுரை எதுக்குடா எடுக்குற'ன்னு கேட்டேன். வாயில வந்ததெல்லாம் கேட்டேன். அவன் வெல்டிங் கண்ணாடியக் கழட்டி வச்சான். எனக்கு ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டான். நான் உக்காரல.

'அண்ணே, பணம் ஆவணியிலயே ரெடி. பேங்க்குல கேட்டுப் பாருங்க. எங்களுக்கு அந்த வீடு வேணும், உங்களுக்குப் பணம் வேணும். அக்காவுக்கு என்ன வேணும்னு நீங்க சொல்லவே மாட்டேங்கிறீங்க'ன்னான்.

'அவளுக்கு என்னடா, நான் இருக்கேன்'னேன்.

'எங்க வீட்டுல மொத நாளே சொல்லிட்டாண்ணே. அந்த அக்கா கண்ணு கலங்கிப் போச்சுங்க, அவுக வயிறு எரிய நான் அந்த வீட்டுல பால் காய்ச்ச மாட்டேன்னுட்டா. அக்கா கையால சாவியைத் தரணும். அழாமத் தரணும். அன்னைக்கு வர்றோம்.'

பாத்தீங்களா தம்பி? இதுக்குத்தான் ஆறு மாசம். இவ கண்ணு எப்பக் கலங்குச்சு? நான் பக்கத்துலயே இருந்தேன், எனக்குத் தெரியாதா? ஊசிக்கு நூல் கோக்குறவளுக்குக் கண்ணுல தண்ணி வரத்தான் செய்யும், வயசாகுதுல்ல. அதை இந்தப் பொண்ணு தப்பா நெனச்சுக்கிட்டு என்னை இந்தப் பாடு படுத்திருச்சு.

நேரா வீட்டுக்கு வந்தேன். 'இந்தா பாரு, அடுத்த வாரம் பத்திரம். நீ வந்து சாவியைக் குடுக்கணுமாம். அழக் கூடாதாம்'னேன். அவ துணிய வெட்டிக்கிட்டு இருந்தா. கத்திரிய வச்சுட்டு, 'நான் அழாமக் குடுத்தா முடிஞ்சுருமா'ன்னு கேட்டா. 'முடிஞ்சுரும்'னேன். 'எனக்கு ரெண்டு நாளு டைம் குடுங்க'ன்னா. என்கிட்ட அவ ஒண்ணு குடுங்கன்னு கேட்டது எனக்குத் தெரிஞ்சு அதான் மொதத் தடவை. எடுத்துக்கோன்னேன்.

அன்னைக்குச் சாயங்காலமே சேலைய மாத்திக்கிட்டு சோலைராஜா வீட்டுக்குத் தனியாப் போனா. அரை மணி நேரம் இருக்கும். வரும்போது மூஞ்சி அப்படித் தெளிவா இருக்கு. கல்யாணமான புதுசுல ஒரு தடவை அழகர் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேன், அப்பப் பாத்த மூஞ்சி. 'பேசிட்டேன், வியாழக்கிழமை தேதி குறிச்சாச்சு'ன்னா. அசந்து போயிட்டேன். ஆறு மாசமா நான் செருப்புத் தேய அலைஞ்ச காரியம், இவ ஒரு சத்தம் போட்டு அரை மணி நேரத்துல முடிச்சுட்டு வந்துட்டாளேன்னு ஒரே பெருமை. தினகரனுக்குப் போன் பண்ணி, உங்க அம்மாவை என்னமோ நெனச்சேன்டான்னு சொன்னேன்.

வியாழக்கிழமைன்னா நேத்து. பத்திர ஆபீசுக்குப் போனோம். அரக்குக் கலர்ப் பட்டு கட்டியிருந்தா, பூ வச்சிருந்தா. எனக்கு டோக்கன் எப்ப வரும், எப்ப வரும்னு உக்கார முடியல. இவ முருகேஸ்வரிகூட உக்காந்து ஏதோ சிரிச்சுப் பேசிக்கிட்டு இருக்கா. கூப்பிட்டாங்க, போட்டோ எடுத்தாங்க, கையெழுத்துப் போட்டு ரேகை வச்சேன். சம்மதிச்சுத்தானே விக்கிறீங்கன்னு ஆபீசர் என்னைக் கேட்டாரு. ஆமா சார், முழுச் சம்மதம்னேன். முடிஞ்சுது. வெளிய வந்து, வேப்ப மரத்தடியில பத்திரம் எழுதுறவரு மேசைக்கிட்ட நின்னுக்கிட்டு, தாம்பாளத்துல வெத்தலை பாக்கு, பழம் வச்சு, அது மேல சாவியை வச்சுத் தனபாக்கியம் அந்தப் பொண்ணு கையில குடுத்தா. அழல தம்பி. சிரிச்ச முகமாக் குடுத்தா. அந்தப் பொண்ணுதான் பொலபொலன்னு அழுதுருச்சு. நான் சோலைராஜாவை ஒரு பார்வை பாத்தேன், பாத்தியாடா இப்பன்னு.

கிளம்பலாம்னு பாத்தா, எழுதுறவரு இன்னொரு பேப்பரை எடுக்குறாரு. சோலைராஜா தயங்கித் தயங்கி வர்றான். 'அண்ணே, ஒரு சாட்சிக் கையெழுத்து வேணும். எங்க மச்சான் ஒருத்தன் போட்டுட்டான், இன்னொரு ஆள் டீ குடிக்கப் போனவன் வரல.' சரி குடுன்னு வாங்கினேன். எனக்கு எதையும் படிக்காமக் கையெழுத்துப் போடுற பழக்கம் கிடையாது. படிச்சேன். வாடகை ஒப்பந்தம். வாடகைக்கு விடுறவங்க முருகேஸ்வரி, அது பேருலதான் சோலைராஜா பத்திரம் போட்டிருக்கான். எந்த இடம்னு பாத்தா, என் வீடு. என் வீட்டு முன் ரூமும், கொல்லையில குளிக்கிற இடத்துக்குப் போயிட்டு வர்ற பாத்தியதையும். அடேயப்பா, பத்திரத்துல மை காயல, அதுக்குள்ள வாடகைக்கு ஆள் புடிச்சுட்டாங்களேன்னு நெனச்சேன். கீழ பாத்தேன். வாடகைக்கு வர்றவங்க, பூமிநாதன் மனைவி தனபாக்கியம், வயசு அம்பத்தேழு, தொழில் தையல்.

ரெண்டாவது தடவையும் படிச்சேன். எங்க ஊருல இன்னொரு பூமிநாதன் இருக்கான், கறிக்கடை வச்சிருக்கான். அவன் பொண்டாட்டி பேரு வேற.

'என்னடி இது'ன்னேன். எல்லாரும் பாக்குறாங்க. அவ சத்தமே போடல. 'நீங்க வீட்டை வித்துட்டீங்க. இனி இருக்கணும்னா நான் அவங்ககிட்டத்தானே கேக்கணும். கேட்டேன், குடுத்தாங்க'ன்னா.

'கோயமுத்தூரு?'

'நீங்க போங்க. பேரனைப் பாத்துக்கங்க. அங்க மிசின் போடக் கூடாதுன்னு சொன்னீங்கள்ல. எனக்கு இங்க வேலை கிடக்கு.'

என்ன பதில் சொல்றது இதுக்கு? நீங்க படிச்சவரு மாதிரி இருக்கீங்க, சொல்லுங்க, என்ன சொல்லிருக்கணும் நான்? வீடு வித்தது வாஸ்தவம். அவங்ககிட்டக் கேக்குறதும் வாஸ்தவம். எழுதுறவரு பேனாவை நீட்டிக்கிட்டே இருக்காரு. அவருக்கு அடுத்த பார்ட்டி நிக்குது. போட்டுட்டேன். ஒண்ணாம் சாட்சி அந்த மச்சான், ரெண்டாம் சாட்சி நான்.

பதினோரு மாசம்னு போட்டிருக்கு. அது ஒண்ணுமில்ல தம்பி, வாடகை ஒப்பந்தம்னாலே எல்லாருக்கும் பதினோரு மாசம்தான் போடுவாங்க, ஒரு கணக்குக்காக. ரெண்டு பேரும் சம்மதிச்சா நீட்டிச்சுக்கலாம்னு அடியில ஒரு வரி இருக்கும், அதுவும் எல்லாத்துலயும் இருக்குறதுதான். பொங்கலுக்கு நெறைய துணி வந்து கிடக்கு, அதைத் தைச்சு முடிச்சுட்டா வந்துருவா. முடிக்காம வர முடியாதுல்ல, வாங்குனதைத் திருப்பிக் குடுத்தா பேரு கெட்டுரும். என்ன, தையில வருவா. பிந்திப் போனா மாசி.

இன்னைக்குக் காலையில மூட்டைய எல்லாம் வேன்ல ஏத்துனேன். அவ சேலை இருந்த பெட்டியத் தேடுனேன், நான் வைகாசியில கட்டி வச்ச பெட்டி. இருந்துச்சு, தூக்குனா காத்தா இருக்கு. எப்ப எடுத்தாளோ, ஒவ்வொண்ணா எடுத்துத் திரும்ப முன் ரூம் செவுத்து அலமாரியில அடுக்கியிருக்கா. ஆறு மாசமா அந்த ரூமுக்குள்ளதான் நடந்துக்கிட்டு இருந்தேன். அந்த அலமாரிய நான் திறந்தே பாக்கல.

நாளைக்கு அந்த வீட்டுப் பத்திரம். ரெண்டு பெட்ரூமு. ஒரு ரூம்ல நல்ல வெளிச்சம் வருது, ஜன்னல் பக்கம் ஒரு நாற்காலி போட்டா சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருக்கலாம். அவளுக்குப் புடிக்கும். அவ அந்த வீட்டை இன்னும் பாக்கல. எப்பக் கூட்டிட்டுப் போறது, இந்த சோலைராஜா இழுத்தடிச்சதுல எதுக்கு நேரம் இருந்துச்சு.

என்ன கேட்டீங்க? அவங்களை வாங்கன்னு கூப்பிட்டீங்களான்னா?

கூப்பிடணுமா தம்பி? கட்டின பொண்டாட்டியக் கூப்பிடணுமா? நான் போனா அவளும் வர்றா, அப்படித்தானே. பஸ்ஸு கிளம்பினா உள்ள இருக்குறவங்களை ஒவ்வொருத்தரா வர்றீங்களா, வர்றீங்களான்னா கேப்பாங்க?

கூப்பிடலதான். வைகாசியில போறோம்னு சொன்னேன். வர்றியான்னு கேக்கல.

திண்டுக்கல்ல இறங்கிப் போயிட்டு வந்தேனே, பாத்தீங்கள்ல, டிரைவரு ஹாரன் அடிச்சப்பத்தான் ஓடி வந்து ஏறினேன். அவளுக்குத்தான் போன் பண்ணப் போனேன். கேட்ருவோம், ஒரு வார்த்தை, என்ன குறைஞ்சு போயிரப் போறோம்னு. ஸ்டாண்டுல ஒரே இரைச்சல், தூணுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு ஒரு காதைப் பொத்திக்கிட்டுப் பேசுறேன். பாக்கியம்னு கூப்பிட்டேன். பேரைச் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை வருசம் ஆச்சோ. 'பாக்கியம், ஒண்ணு கேக்கணும்'னேன். பின்னாடி நாலஞ்சு பொம்பளைங்க பேச்சுச் சத்தம், மிசின் ஓடுற சத்தம், அந்தப் பொண்ணு ஓட்டுது போல. 'ஏங்க, ஆள் நிக்குறாங்க, அளவு எடுத்துக்கிட்டு இருக்கேன். அப்புறம் பேசுங்க'ன்னா. அப்புறம்னா எப்பன்னு கேட்டேன். அதுக்குள்ள வச்சுட்டா.